அந்தரத்தில் மோதினால் குற்றம் யார் மீது?

கூடைப்பந்து ஆட்டம் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருந்தால் இந்தக் காட்சி உங்களுக்குப் புதிதாக இராது.

ஒருத்தி பந்தோடு பாய்ந்து வருகிறாள். வளையத்தை நோக்கித் துள்ளுகிறாள். அவளைத் தடுக்க எதிர்க் கோஷ்டிக்காரி ஒருத்தியும் துள்ளுகிறாள். இரண்டு பேரும் அந்தரத்தில் மோதுகிறார்கள். தொப்பென்று ஒருத்தி கீழே விழுகிறாள்.

விசில் ஊதுகிறது!

உடனே நாலு பக்கமும் கூச்சல். "தள்ளிட்டா சார், தள்ளிட்டா!" என்று ஒரு பக்கம். "அவளேதான் வந்து மோதினா!" என்று இன்னொரு பக்கம். "ரெப்ரிக்குக் கண்ணு தெரியலையா?" என்று மரத்தடியில் இருந்து ஒரு குரல்.

கூடைப்பந்தில் வரும் தகராறுகளில் இந்தத் தகராறுதான் பெரியது. பந்து கோட்டுக்கு வெளியே போனால் எல்லோருக்கும் தெரியும். வளையத்தில் விழுந்தால் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இரண்டு பேர் அந்தரத்தில் மோதினால், அந்தக் குற்றம் யாருடையது? கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. நடுவர் எதை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறார்?

விழுந்தவரை வைத்து அல்ல. அடிபட்டவரை வைத்தும் அல்ல. "அந்த இடம் யாருடையது?" என்ற ஒரே கேள்வியை வைத்துத்தான்!

நாகலூரில் ஒரு பந்தயம்

சேலத்தில் இருந்து ஏற்காடு மலைக்கு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஏற்காட்டையும் தாண்டிப் போனால், சேர்வராயன் மலையில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே வருகிறது நாகலூர்.

மலையில் சமதரை கிடைப்பது குதிரைக் கொம்பு. கால்பந்துக்கும் கிரிக்கெட்டுக்கும் பெரிய திடல் வேண்டும். கூடைப்பந்துக்கு அது தேவையில்லை. 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம் இருந்தால் போதும். பரப்பளவைக் கணக்குப் பார்த்தால், ஒரு பெரிய கால்பந்துத் திடலில் 17 கூடைப்பந்துக் களங்கள் அடங்கிவிடும்! மலையில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு இதைவிடத் தோதான ஆட்டம் ஏது?

நாகலூரில் ஒரு களம். பள்ளிப் பெண்களின் பந்தயம் நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோஷ்டிக்கு வெள்ளைச் சட்டை. மற்றொரு கோஷ்டிக்கு நீலச் சட்டை. ஆட்டம் முடிய ஒரு நிமிடம்கூட இல்லை. நீலக் கோஷ்டி ஒரே ஒரு புள்ளி முன்னால் இருக்கிறது.

வெள்ளைச் சட்டைப் பெண் பந்தோடு வருகிறாள். வளையத்துக்குச் சற்றுத் தூரத்தில், அவளைப் பார்த்தபடி, இரண்டு காலையும் தரையில் ஊன்றி நிற்கிறாள் நீலச் சட்டைப் பெண். வந்தவள் துள்ளினாள். நின்றவளும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, நின்ற இடத்திலேயே நேராக மேலே துள்ளினாள். மோதல்! வெள்ளைச் சட்டைப் பெண் சிமெண்டுத் தரையில் விழுந்தாள். முழங்கையில் சிராய்ப்பு.

பார்க்கிறவர்களுக்கு வெள்ளைச் சட்டைப் பெண் மேல்தான் இரக்கம் வரும். ஆனால் விதிப்படி நீலச் சட்டைப் பெண் செய்தது தவறே இல்லை!

இதை நடுவர் மாற்றி ஊதிவிட்டால் என்ன ஆகும்? வெள்ளைக் கோஷ்டிக்கு இரண்டு பிரீ த்ரோ. அதாவது, யாரும் தடுக்காமல், போர்டில் இருந்து 4.6 மீட்டர் தள்ளி நின்று இரண்டு தடவை நிதானமாகப் பந்து போடலாம். இரண்டும் விழுந்தால் பந்தயமே கைமாறிவிடும். அது மட்டுமா? ஓர் ஆட்டத்தில் ஐந்து பவுல் செய்தவர் வெளியே போய்விட வேண்டும். நீலச் சட்டைப் பெண்ணுக்கு ஏற்கெனவே நான்கு பவுல் இருந்தால், ஒழுங்காக ஆடிய பெண் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போக வேண்டியதுதான்.

தலைக்கு மேல் இருக்கும் இடமும் சொந்தம்

கூடைப்பந்து விதி ஓர் அழகான கற்பனையைச் செய்கிறது. ஒவ்வோர் ஆட்டக்காரரைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத ஒரு தூண் இருப்பதாக வைத்துக்கொள்கிறது.

அந்தத் தூணுக்கு அளவு என்ன? முன்னால், மடக்கித் தூக்கிய கைகளின் உள்ளங்கை வரை. பின்னால், இடுப்புக்குக் கீழே பின்புறம் வரை. பக்கவாட்டில், கை கால்களின் வெளி ஓரம் வரை. அவ்வளவுதான்.

உயரம்? அதற்கு எல்லையே இல்லை! தரையில் எந்த இடத்தைப் பிடித்து நிற்கிறாரோ, அதற்கு நேர் மேலே இருக்கும் இடமும் அவருக்கே சொந்தம். அங்கே அவர் கையைத் தூக்கலாம். நேராகத் துள்ளலாம். வேறு ஒருவர் பறந்து வந்து அந்தத் தூணில் மோதினால், குற்றம் பறந்து வந்தவருடையது.

ஏற்காட்டுத் தோட்டங்களில் சில்வர் ஓக் மரங்களைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். மரம் நேராக மேலே போகிறது. மிளகுக் கொடி அதைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது. பக்கத்து மரத்தின் இடத்தை அது தொடுவதில்லை. தடுப்பவரும் அப்படித்தான் துள்ள வேண்டும். நேராக!

இதற்கு முன்னால் ஒரு நிபந்தனை இருக்கிறது. தடுப்பவர் முதலில் அந்த இடத்தை முறையாகப் பிடித்திருக்க வேண்டும். எதிரியைப் பார்த்து நிற்க வேண்டும். இரண்டு காலும் தரையில் பட்டிருக்க வேண்டும். அப்படி ஒரு தடவை இடம் பிடித்துவிட்டால், பிறகு அவர் துள்ளலாம், பின்னால் நகரலாம், பக்கவாட்டிலும் நகரலாம். "தடுப்பவர் சிலை மாதிரி நின்றால்தான் குற்றமில்லை" என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பல பந்தயங்களில் கூச்சலுக்குக் காரணமே இந்தத் தவறான எண்ணம்தான்.

சரி, தடுப்பவர் எப்போது குற்றவாளி ஆகிறார்?

துள்ளும்போது உடம்பை முன்னால் சாய்த்தால் குற்றம். மேலே நீட்டிய கையை, பந்தைத் தட்டுகிறேன் என்று கீழே இறக்கி எதிரியின் முன்கையில் அடித்தால் குற்றம். பக்கத்தில் இருந்து குறுக்கே துள்ளி வந்து இடுப்பால் இடித்தால் குற்றம். இங்கெல்லாம் அவர் தன் தூணை விட்டு வெளியே வந்துவிட்டார்.

கை தூக்கியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் நடுவர்கள் இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள். கை இரண்டும் வானத்தைப் பார்த்து நேராக இருக்கும். ஆனால் நெஞ்சும் வயிறும் முன்னால் பாய்ந்திருக்கும். தூக்கிய கை ஒரு சாட்சியம்தான். அதுவே தீர்ப்பு ஆகிவிடாது.

எகிறியவர் எங்கே இறங்குவார்?

மலைப் பாதையில் லாரி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு விதி தெரியும். இரண்டு வண்டி ஒரே நேரத்தில் போக இடமில்லாத இடத்தில், மேலே ஏறி வரும் வண்டிக்கு, கீழே இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். பாரத்தோடு ஏறும் வண்டி நடுவழியில் நின்றால் மறுபடி கிளப்புவது கஷ்டம். பின்னால் சரிந்தாலும் ஆபத்து. அதனால் அதற்கு முதல் உரிமை.

கூடைப்பந்திலும் இதே நியாயம்தான். எய்த அம்பும் எகிறிய ஆளும் நடுவழியில் திரும்ப முடியாது! கால் தரையை விட்டுக் கிளம்பிவிட்டால், அப்புறம் அவர் நிற்க முடியாது, விலக முடியாது. எங்கே இறங்கப் போகிறார் என்பது துள்ளிய அந்த நொடியிலேயே முடிவாகிவிட்டது.

ஆகவே விதி அவருக்கு ஒரு பாதுகாப்பைக் கொடுக்கிறது. துள்ளிய இடத்திலேயே திரும்ப இறங்கும் உரிமை அவருக்கு எப்போதும் உண்டு. வேறு இடத்தில் இறங்கவும் உரிமை உண்டு. ஆனால் அவர் துள்ளிய நேரத்தில் அந்த இடமும் அதற்குப் போகும் வழியும் காலியாக இருந்திருக்க வேண்டும்.

அவர் துள்ளுவதற்கு முன்பே அங்கே ஒருவர் நின்றிருந்தால், மோதியது துள்ளியவர் குற்றம். அவர் துள்ளிய பிறகு ஒருவர் அங்கே வந்து புகுந்தால், குற்றம் புகுந்தவருடையது. முன்பா, பின்பா? இதுதான் கேள்வி. அரை நொடிகூட இல்லாத இடைவெளியில் நடுவர் இதைக் கவனித்துச் சொல்ல வேண்டும்.

அந்தரத்தில் இருப்பவரின் காலடியில் போய்ப் புகுவதை விதி சாதாரணத் தவறாக நினைப்பதில்லை. அது பெரும்பாலும் "பண்பற்ற பவுல்" என்ற வகையில் சேரும். பிரீ த்ரோவும் உண்டு. அது முடிந்ததும் பந்தும் அடிபட்ட கோஷ்டிக்கே. மிக மோசமாக இருந்தால் ஆட்டத்தை விட்டே அனுப்பிவிடுவார்கள்.

ஏன் இவ்வளவு கடுமை? பந்து எறிபவரின் கண் வளையத்தில் இருக்கிறது. கை மேலே இருக்கிறது. கீழே என்ன நடக்கிறது என்று அவர் பார்ப்பதில்லை. தரை இருக்கிறது என்று நம்பிக் காலை விடுகிறார். அங்கே இன்னொருவரின் பாதம் இருந்தால்? கால் உள்பக்கமாக மடங்கும். கணுக்காலின் வெளிப்பக்கத் தசைநார் இழுபடும், அறுந்தும் போகலாம். பல வாரம் ஆட முடியாது. பள்ளிப் பிள்ளைக்கு இப்படி ஆனால், பந்தயத்தோடு பரீட்சையும் போய்விடும்.

மூன்று நொடியில் ஒரு யுத்தம்

உலகத்தையே பரபரப்பில் ஆழ்த்திய ஒரு கூடைப்பந்து ஆட்டத்திலும் இந்த மாதிரி ஒரு பவுல்தான் திருப்புமுனையாக இருந்தது.

1972-ம் ஆண்டு செப்டம்பர் மாதம். ஜெர்மனியில் மியூனிக் நகரம். ஒலிம்பிக் இறுதி ஆட்டம். அமெரிக்காவும் சோவியத் ரஷியாவும் மோதின. அதுவரை ஒலிம்பிக் கூடைப்பந்தில் அமெரிக்கா ஒரு தடவைகூடத் தோற்றதில்லை. 63 ஆட்டம் ஆடி 63-லும் வெற்றி!

அன்று மட்டும் ரஷியா 49, அமெரிக்கா 48 என்று இருந்தது. ஆட்டம் முடியச் சில நொடிகளே பாக்கி. ரஷியாவின் அலெக்சாண்டர் பெலோவ் கொடுத்த பந்தை அமெரிக்க வாலிபர் டக் காலின்ஸ் நடுவில் பறித்துக்கொண்டு ஓடினார். வளையத்தை நோக்கித் துள்ளினார். சக்கண்டெலிட்சே என்ற ரஷிய ஆட்டக்காரர் தடுக்கப் பாய்ந்தார். மோதிய வேகத்தில் காலின்ஸ் வளையத்தைத் தாங்கும் கம்பத்தின் பக்கம் போய் விழுந்தார். சிறிது நேரம் நினைவே இல்லை!

நடுவர் பவுல் ஊதினார். மூன்று நொடிதான் மீதி.

காலின்ஸ் எழுந்தார். தள்ளாடியபடி கோட்டுக்கு வந்தார். முதல் பந்து உள்ளே விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. அமெரிக்கா 50, ரஷியா 49!

அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய கலாட்டா. கடிகாரத்தில் குழப்பம் என்று சொல்லி அந்தக் கடைசி மூன்று நொடியைத் திரும்பத் திரும்ப ஆடவிட்டார்கள். கடைசித் தடவையில் பெலோவ் பந்தை வளையத்தில் போட்டார். ரஷியா 51, அமெரிக்கா 50. அமெரிக்கர்கள் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. வெள்ளிப் பதக்கத்தை வாங்க மறுத்துவிட்டார்கள்.

கடிகாரத்தைப் பற்றி இன்றைக்கும் வாதாடுகிறார்கள். ஆனால் காலின்ஸ் மீது நடந்தது பவுல்தான் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை.

இன்னொரு சம்பவம் சமீப காலத்தது. 2017-ம் ஆண்டு மே 14-ந் தேதி. அமெரிக்காவின் தொழில்முறைப் போட்டியில் சான் அன்டோனியோ கோஷ்டியும் கோல்டன் ஸ்டேட் கோஷ்டியும் ஆடின. சான் அன்டோனியோவின் நட்சத்திர வீரர் காவாய் லெனர்ட் ஓரத்தில் இருந்து துள்ளிப் பந்து எறிந்தார். தடுக்க வந்த சாசா பச்சூலியா அவருக்கு மிக நெருக்கமாகக் காலை வைத்துவிட்டார். லெனர்டின் பாதம் அந்தக் காலின் மேல் இறங்கியது. கணுக்கால் மடங்கியது. அவர் களத்தை விட்டுப் போனார்.

அப்போது சான் அன்டோனியோ 78, எதிர்க் கோஷ்டி 55. அதாவது 23 புள்ளி முன்னால்! ஆட்டம் முடிந்தபோது? கோல்டன் ஸ்டேட் 113, சான் அன்டோனியோ 111. ஒரு மனிதர் போனதும் பந்தயமே புரண்டுவிட்டது.

வேண்டுமென்றே செய்தாரா, தெரியாமல் நடந்ததா என்று பெரிய வாதம் நடந்தது. வேண்டுமென்று செய்யவில்லை என்றார் பச்சூலியா. ஆனால் அந்த வாதம் தேவையே இல்லை. மனசில் என்ன இருந்தது என்று நடுவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? இறங்கும் இடத்தில் கால் இருந்ததா, இல்லையா? அதை மட்டும்தான் கண்ணால் பார்க்க முடியும். அதே ஆண்டில் அமெரிக்கத் தொழில்முறைச் சங்கம் தன் விதியை இறுக்கியது. இப்படிக் காலடியில் புகுந்தால், நடுவர்கள் வீடியோவைப் போட்டுப் பார்த்துத் தண்டனையை உயர்த்தலாம் என்று அறிவித்தது.

எறிபவரின் குறும்பு

இதுவரை படித்ததும், "பந்து எறிபவர் பாவம், தடுப்பவர்தான் வில்லன்" என்று தோன்றும். அப்படி நினைத்துவிடாதீர்கள்! எறிபவர்களிலும் கெட்டிக்காரக் குறும்பர்கள் உண்டு.

தடுப்பவர் துள்ளி மேலே போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் தன் இடத்தில் நேராகத்தான் இறங்கப் போகிறார். அதைப் பார்த்த எறிபவர், நேராகத் துள்ளாமல் பக்கவாட்டில் சாய்ந்து அவர் மேலேயே போய் விழுகிறார். கையை வீசி, "ஐயோ!" என்று ஒரு கத்தல். பந்து எங்கோ போகிறது. அவருக்குப் பந்து முக்கியமில்லை. விசில்தான் முக்கியம்!

சிலர் பந்தை எறியும்போது காலை முன்னால் நீட்டி உதைப்பார்கள். தடுக்க வந்தவரின் தொடையில் அது இடிக்கும். பிறகு, "என்னை இடித்துவிட்டார்" என்று விழுவார்கள். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டு குத்துகிறதே என்று அழுதால் எப்படி?

இதற்கும் விதி இருக்கிறது. எறிபவர் தரையில் இருந்தாலும் சரி, அந்தரத்தில் இருந்தாலும் சரி. கையையோ காலையோ விரித்து மோதலை உண்டாக்கினால், அது எறிபவரின் பவுல். கையால் தள்ளி இடம் பண்ணிக்கொண்டாலும் அப்படியே. அமெரிக்கத் தொழில்முறை ஆட்டத்தில் இந்தக் குறும்பு மிகவும் முற்றிப்போய், 2021-ல் அதை அடக்க நடுவர்களுக்குத் தனி உத்தரவே போட்டார்கள். விசிலுக்காக மட்டும் மேலே விழுந்தவர்களுக்கு அந்த ஆண்டு முதல் பிரீ த்ரோ கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. நல்ல காரியம்!

வளையத்துக்கு அடியில் மட்டும் ஒரு சிறிய சலுகை. சர்வதேச விதியில், 2010 முதல், வளையத்தின் நேர் கீழே 1.25 மீட்டர் ஆரத்தில் ஓர் அரை வட்டம் வரைகிறார்கள். அதற்குள் நிற்கும் தடுப்பவர் மேல், துள்ளி வந்தவர் மோதினாலும், "மோதிய குற்றம்" என்று ஊத மாட்டார்கள். கையாலோ காலாலோ முறைகேடு செய்திருந்தால்தான் ஊதுவார்கள். வளையத்துக்கு நேர் அடியில் வந்து நின்றுகொண்டு, "என்மேல் மோது, பவுல் வாங்கிக்கொள்கிறேன்" என்று காத்திருப்பதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. பழைய பள்ளிக் களங்களில் இந்தக் கோடு இல்லாவிட்டால் சுண்ணாம்பால் வரைந்துவிடலாம். செலவு ஒன்றும் பெரிதில்லை.

எறிபவர் பந்தை விட்டதும் அவருடைய பாதுகாப்பு முடிந்துவிட்டதா? இல்லை. துள்ளி எறிந்தவரின் இரண்டு காலும் தரையில் படும் வரை அவர் "எறிபவர்"தான். பந்து போன பிறகு அவரைத் தள்ளினாலும், எறியும்போது தள்ளியதற்கு என்ன தண்டனையோ அதே தண்டனை. பந்து வளையத்தில் விழுந்திருந்தால் அந்தப் புள்ளியும் சேரும். கூடவே ஒரு பிரீ த்ரோ. விழாவிட்டால் இரண்டு. தூரத்துக் கோட்டுக்கு வெளியே இருந்து எறிந்திருந்தால் மூன்று.

நடுவர் எங்கே பார்க்கிறார்?

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் பந்தைப் பார்ப்பார்கள். நல்ல நடுவர் பந்தைப் பார்ப்பதில்லை!

அவர் பார்ப்பது தடுப்பவரை. தடுப்பவர் எப்போது இடம் பிடித்தார்? எந்தப் பக்கம் துள்ளினார்? நேராகவா, சாய்ந்தா? இதை முதலில் இருந்து பார்த்திருந்தால், மோதல் நடக்கும்போது தீர்ப்பு ஏறக்குறைய தயாராக இருக்கும். "தடுப்பவர் ஒழுங்காக இருந்தார், ஆகவே வந்து மோதியவர் குற்றம்." அல்லது, "தடுப்பவர் ஒழுங்காக இருந்தார், மோதலும் லேசானதுதான், ஆட்டம் தொடரட்டும்." ஆம், எல்லா மோதலும் பவுல் அல்ல. யாருக்கும் அநியாய லாபம் கிடைக்காத லேசான உரசலுக்கு விசில் தேவையில்லை.

நிற்கும் இடமும் முக்கியம். இரண்டு ஆட்டக்காரர்களுக்கும் நடுவில் உள்ள இடைவெளி நடுவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒருவர் முதுகுக்குப் பின்னால் நின்றால் இடைவெளி மறைந்துவிடும். அப்போது எல்லாமே மோதல் மாதிரி தெரியும். இரண்டடி நகர்ந்து நின்றால், "அடே, படவே இல்லையே!" என்று தெரியும். ஓரத்தில் ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்க்கும் ரசிகருக்கும், ஓடி ஓடிக் கோணம் மாற்றும் நடுவருக்கும் வேறு வேறு ஆட்டம் தெரிவது இதனால்தான்.

பெரிய பந்தயங்களில் மூன்று நடுவர்கள் இருப்பார்கள். வீடியோவும் உண்டு. பள்ளிப் பந்தயத்தில் இரண்டு பேர் இருந்தாலே அதிகம். பல இடங்களில் விளையாட்டு ஆசிரியர் ஒருவரே விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முழுக் களத்தையும் ஓடிப் பார்க்கிறார். மலையில் மூடுபனி இறங்கிச் சிமெண்டுத் தரை ஈரமாகிவிட்டால் வழுக்கி விழுவது வேறு, தள்ளி விழுவது வேறு என்று பிரித்துப் பார்க்கவும் வேண்டும். அவருக்கு வீடியோ கிடையாது, கண்தான் உண்டு.

மோதலைத் தவிர்க்கப் பிறந்த ஆட்டம்

வேடிக்கை என்னவென்றால், கூடைப்பந்து பிறந்ததே மோதலைத் தவிர்ப்பதற்காகத்தான்!

1891-ம் ஆண்டு டிசம்பர். அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு என்ற ஊர். வெளியே பனி. மாணவர்களால் வெளியில் போய் ஆட முடியவில்லை. உள்ளே கூடத்தில் ஆடினால் இடித்துத் தள்ளிக் காயப்படுத்திக்கொள்கிறார்கள். ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் யோசித்தார். பந்தை வைத்துக்கொண்டு ஓடக் கூடாது என்றார். ஓடாவிட்டால் பிடித்துத் தள்ள வேண்டியதில்லை அல்லவா? இலக்கைத் தலைக்கு மேலே பத்தடி உயரத்தில் வைத்தார். அப்போது பந்தை முரட்டுத்தனமாக அடிக்க முடியாது. மெதுவாக, வளைவாகத்தான் போட வேண்டும். பீச் பழக் கூடை இரண்டை மாடத்தில் ஆணியடித்து மாட்டினார். ஆட்டம் பிறந்தது!

அவர் எழுதிய 13 விதிகளில் ஐந்தாவது, தோளால் இடிப்பது, பிடிப்பது, தள்ளுவது, காலை இடறுவது, அடிப்பது எதுவும் கூடாது என்றது. இரண்டாவது தடவை செய்தவர் அடுத்த கோல் விழும் வரை வெளியே நிற்க வேண்டும்.

ஆனால் பாருங்கள், முரட்டுத்தனத்தைக் குறைக்க உயரத்தில் வைத்த கூடையே எல்லோரையும் துள்ள வைத்துவிட்டது. தரையில் நடந்த மோதல் ஆகாயத்துக்கு ஏறிவிட்டது!

நம் பக்கத்துக்கு இந்த ஆட்டத்தைப் பரப்பியதில் ஒய்.எம்.சி.ஏ.வுக்குப் பெரிய பங்கு உண்டு. 1920-ல் சென்னையில் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் உடற்பயிற்சிக் கல்லூரி ஒன்றைத் தொடங்கினார். அங்கே படித்த விளையாட்டு ஆசிரியர்கள் ஊர் ஊராகப் போனார்கள். பந்தும் விசிலும் அவர்களோடு போயின. ஏற்காட்டில் 1917-லேயே தொடங்கிய மான்ட்போர்ட் போன்ற விடுதிப் பள்ளிகள் இருந்ததால், மலைக்கும் நகரத்து விளையாட்டுகள் புதிதல்ல.

பெண்கள் ஆடத் தகுந்த ஆட்டமா என்று சந்தேகப்படுகிறவர்கள் சென்னை அனிதா பால்துரையைப் பார்க்கட்டும். இந்தியப் பெண்கள் கோஷ்டிக்குத் தலைமை தாங்கியவர் அவர். 2021-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. 2017 ஜூலையில் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவு இறுதி ஆட்டத்தில் இந்தியப் பெண்கள் கசகஸ்தானை 75-73 என்று வென்றார்கள். வித்தியாசம் எத்தனை? இரண்டே புள்ளி! ஒரு பவுலுக்குக் கிடைக்கும் இரண்டு பிரீ த்ரோவின் விலை அது.

சுண்ணாம்பு வட்டம்

நேராகத் துள்ளுவது பிறவியிலேயே வருவதல்ல. ஓடி வந்த வேகத்தில் யாரும் முன்னால்தான் பாய்வார்கள். அது உடம்பின் இயல்பு. பழக்கத்தால்தான் மாற்ற முடியும்.

பயிற்சிக்குப் பெரிய சாமான் எதுவும் வேண்டாம். ஒரு சுண்ணாம்புக் கட்டி போதும். தரையில், தோள் அகலத்துக்குச் சற்றுப் பெரிதாக ஒரு வட்டம் போட வேண்டும். நாலு எட்டு தூரத்தில் இருந்து ஓடி வந்து, வட்டத்துக்குள் இரண்டு காலையும் ஊன்றி நிற்க வேண்டும். ஒரு கணம் முழங்காலை மடக்கி, வேகத்தை அங்கேயே அடக்கிவிட்டு, கையைத் தூக்கி மேலே துள்ள வேண்டும். இறங்கும்போது பாதம் வட்டத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். கோட்டை மிதித்தால் அந்தத் துள்ளல் கணக்கில் சேராது.

பந்து எறிபவர் பழகுவதற்கும் அதே வட்டம் உதவும். தடுக்க ஓடி வருகிறவர் அந்த வட்டத்துக்குள் காலை வைக்கக் கூடாது; ஒரு கை நீளம் முன்பாகவே நின்றுவிட வேண்டும். பத்துத் தடவை ஓடி வந்தால் எத்தனை தடவை கோட்டுக்கு வெளியே நின்றார் என்று, ஆடாமல் உட்கார்ந்திருக்கும் தோழி ஒருத்தி எண்ணிக்கொண்டு வரட்டும்.